நாயோடு நாட்டுப்புற வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம்: அவிழ்த்து விடலாமா, கயிற்றிலேயே வைக்கலாமா?

வேலியோரம்:

வணக்கம். அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே ஒரு தனி வீட்டுக்கு வந்திருக்கிறோம். முன்னால் வயல், பக்கவாட்டில் புதர் மண்டிய தரிசு, பின்பக்கம் ஒரு பழைய கிணறு. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவர்கள் ஆடும் மாடும் வைத்திருக்கிறார்கள்.

கூடவே மின்னியும் வந்திருக்கிறாள். நாலு வயது, கலப்பினப் பெண் நாய். இவ்வளவு இடத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பாள் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவளோ வாசற்படியைத் தாண்டவே யோசிக்கிறாள். முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்கிறாள், காது இரண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்புகின்றன, மூக்கு ஓயாமல் துடிக்கிறது. புதரில் ஏதாவது சரசரத்தால் ஒரே ஓட்டமாக உள்ளே போய் மேசைக்கடியில் படுத்துவிடுகிறாள். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. ராத்திரி ஆனால் குரைப்பு. ஆனால் பக்கத்து வீட்டு ஆடுகள் கண்ணில் பட்டால் போதும், அந்தப் பயமெல்லாம் பறந்துவிடுகிறது. தோள் கழன்றுவிடும் போல இழுக்கிறாள்.

“அவிழ்த்து விடு, தானாகப் பழகிக்கொள்ளும்” என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்படி நாயோடு இடம் மாறியவர்கள் என்ன செய்தீர்கள்? இங்கே எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?

மண்வாசம்:

பிறந்ததிலிருந்து இப்படியான இடத்தில்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டு நாய்களை ஒருநாளும் கட்டிப் போட்டதில்லை. நாலு பக்கமும் சுற்றி வந்தால்தான் நாய்க்கு எல்லை தெரியும், வீட்டு மனிதர் யார், வெளியாள் யார் என்று பிடிபடும். கட்டிப் போட்ட நாய்தான் கடிக்கப் பழகும். உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. சோறு வைக்கிற இடத்தை விட்டு நாய் எங்கேயும் போகாது.

பனித்துளி:

மண்வாசம் ஐயா, நீங்கள் சொல்வது அந்த மண்ணிலேயே குட்டியாக வளர்ந்த நாய்க்குச் சரி. மின்னிக்கு அந்த வீடு இன்னும் அவள் வீடே இல்லை. பயந்து ஓடினால் திரும்பி வருவதற்கு ஒரு இடம் மனதில் பதிந்திருக்க வேண்டுமே! புது வீட்டுக்கு வந்த நாய்கள் காணாமல் போவது பெரும்பாலும் தொடக்க நாட்களில்தான். ஒரு பட்டாசுச் சத்தமோ இடியோ போதும், கண்மண் தெரியாமல் ஓடிவிடும். அப்புறம் சொந்தக்காரர் கூப்பிட்டாலும் அந்தக் குரல் அதன் மூளையில் ஏறாது.

அதனால் வேலியோரம், உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள். நானும் ரொம்பப் பயந்த சுபாவமுள்ள ஒரு நாயோடுதான் இடம் மாறினேன். எங்களுக்குக் கைகொடுத்த வழி, முழு நிலத்தையும் ஒரே நாளில் அவளிடம் கொடுக்காமல் இருந்தது. நாயின் மூக்கில் மோப்ப உணரிகள் முப்பது கோடி வரை இருக்கும் என்பார்கள். நமக்கு அறுபது லட்சம் அளவில். நமக்கு ‘நல்ல காற்று’ என்று படுவதில் அவளுக்கு எலி, கீரி, மாட்டுச்சாணம், அந்நிய நாயின் மூத்திரம், நேற்று அந்த வழியாகப் போன ஆள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. வாசலில் நின்று மூக்கைத் துடிக்கவிடுகிறாள் அல்லவா, அவள் அப்போது வேலை செய்துகொண்டிருக்கிறாள். இழுக்காதீர்கள். படியிலேயே அவளோடு உட்காருங்கள். அவளாக இறங்கட்டும்.

முதலில் ஒரே ஒரு அறை அவளுடையதாக இருக்கட்டும். பழைய படுக்கையைத் துவைக்காமல் அப்படியே போடுங்கள். அதில் பழைய வீட்டின் வாசனை இருக்கிறது, புதிதாக வாங்கிய மெத்தையால் அதைக் கொடுக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். வெளியே போகும்போது முதலில் வீட்டைச் சுற்றி ஒரே பாதை, காலையும் மாலையும் அதே பாதை. அதில் வால் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் தூரம்.

நாய்களைத் தத்தெடுத்துக் கொடுப்பவர்கள் ‘மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பதற்றம் கொஞ்சம் அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை புரியும், மூன்று மாதத்தில் இது நம் இடம் என்று தோன்றும். எல்லா நாய்க்கும் அப்படியே நடக்கும் என்றில்லை, ஆனால் அவசரப்படக் கூடாது என்பதற்கு நல்ல அளவு.

மண்வாசம்:

> முழு நிலத்தையும் ஒரே நாளில் அவளிடம் கொடுக்காமல் இருந்தது

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைத் திரும்பவும் சொல்கிறேன், சங்கிலியில் கட்டிக் கூண்டில் அடைத்து வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். நகரத்திலிருந்து வருகிறவர்கள் காவலுக்கு என்று ஒரு நாயை முற்றத்தில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டு வைத்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். பார்க்கவே பாவமாக இருக்கிறது. ஒரே வட்டத்தில் மண் தேயத் தேயச் சுற்றிக்கொண்டிருக்கும். யார் வந்தாலும் பாய்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

பனித்துளி:

அதில் நமக்குள் சண்டையே இல்லை ஐயா. நான் சொல்வது மனிதர் கையில் பிடித்த நீளக் கயிறு. 10 மீட்டர் போதும். கழுத்துப் பட்டையில் மாட்டாமல் நெஞ்சுக்குப் போடும் ஹார்னஸில் மாட்ட வேண்டும், ஏனென்றால் 10 மீட்டர் ஓடி வந்து கழுத்தில் இழுபட்டால் காயம் ஆகும். பொத்தானை அழுத்தினால் சுருளும் லீஷ் இதற்கு ஆகாது. கையில் கயிறு உராய்ந்தால் தோல் பிய்ந்துவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இடையிடையே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வந்தால் அவளுக்கு மிகப் பிடித்த தீனி, பிறகு “போ” என்று மறுபடியும் அனுப்பிவிடுங்கள். கூப்பிட்டால் விளையாட்டு முடிந்துவிடும் என்று அவள் நினைத்துவிட்டால் அப்புறம் வரவே மாட்டாள்.

தோட்டத்துக்காரன்:

ஆடு வைத்திருக்கிறவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“என் நாய் கடிக்காது, சும்மா விளையாடுகிறது” என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே போதும். சினை ஆடு மிரண்டு ஓடினால் குட்டியைக் கலைத்துவிடும். வேலியில் மோதிக் கால் முறிந்த ஆடும் உண்டு. ஒரு முறை பக்கத்து நிலத்துக்குப் புதிதாக வந்தவர்களின் நாய் எங்கள் கிடைக்குள் புகுந்துவிட்டது. ஒரு ஆட்டின் மேல்கூடப் பல் படவில்லை. ஆனால் அந்த வாரமே இரண்டு ஆடுகள் குட்டியைக் கலைத்தன. நாய் மேல் எனக்குக் கோபமில்லை. ஓடுகிறதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் ஊறியது, பழகாத நாய் எதுவாக இருந்தாலும் அதைத்தான் செய்யும். ஒரு தடவை துரத்தி ருசி கண்டுவிட்டால் அப்புறம் நிறுத்துவதுதான் பெரும்பாடு. எனவே வேலியோரம், அந்த முதல் தடவை நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆடுகளைப் பழக்குவதென்றால் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். அவள் ஆட்டைப் பார்க்கிறாள், ஆனால் நீங்கள் கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறாள் என்கிற தூரம் எதுவோ அங்கே நில்லுங்கள். திரும்பிப் பார்த்தால் தீனி. உடம்பு விறைத்து, வாய் மூடி, பார்வை ஆட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். அந்த தூரம் வாரக் கணக்கில்தான் குறையும்.

மாடு வேறு கதை. கன்று ஈன்ற பசு நாயைப் பார்த்தால் முட்ட வரும், அது எவ்வளவு சாதுவான பசுவாக இருந்தாலும் சரி. அப்படி வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். பசுவின் குறி நாய்தான். நாயால் ஓடித் தப்ப முடியும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உங்களால் முடியாது. கன்று நிற்கும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

இன்னொன்று, மேய்ச்சல் நிலத்தில் நாய் மலம் கழித்தால் எடுத்துவிடுங்கள். காட்டில் கிடக்கட்டும், மண்ணோடு மண்ணாகிவிடும் என்று நினைப்பார்கள். நாயின் மலத்தில் வரும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியால் பசுக்கள் கன்றைக் கலைக்கும். அதே மாதிரி செத்த ஆடுமாட்டின் குடல், ஈரல், நுரையீரல் எதையும் நாய் தின்ன விடக் கூடாது. அதிலிருந்து நாய்க்கு ஒருவகை நாடாப்புழு வரும், அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டி உண்டாகும்.

கடைசியாக ஒன்று. நாயைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். “இது எங்கள் நாய், வெளியே தனியாகப் பார்த்தால் ஒரு போன் பண்ணுங்கள்” என்று நம்பரைக் கொடுங்கள். எந்த வயலுக்கு எப்போது மருந்தடிப்பார்கள், எலிமருந்து எங்கே வைக்கிறார்கள், கண்ணி வைக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

கால்தடம்:

கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். தோட்டத்துக்காரன் எலிமருந்து பற்றித் தொட்டுவிட்டார், நான் அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நாட்டுப்புறத்திலிருந்து எங்களிடம் வரும் நாய்களில் மனம் உடைகிற மாதிரி வருவது நஞ்சு தின்றவைதான்.

எலிமருந்தில் பல வகை உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வகையைத் தின்ற நாய் அன்றைக்கு நன்றாகவே இருக்கும், வாலாட்டும், சாப்பிடும். மூன்று நாலு நாள் கழித்துத்தான் சோர்வு, வெளிறிய ஈறு, இருமல், உள்ளே ரத்தக்கசிவு எல்லாம் தெரியும். தின்ற உடனே கூட்டிவந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. “நன்றாகத்தானே இருக்கிறது, பார்க்கலாம்” என்று காத்திருப்பதில்தான் உயிர் போகிறது. ஜிங்க் பாஸ்பைடு என்பது வேறு வகை. அது வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அதற்கு முறிமருந்து கிடையாது, மணிக்கணக்கில் முடிந்துவிடும். அந்த நாய் காருக்குள் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் தாக்கும், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். எதைத் தின்றாலும் அந்தப் பாக்கெட்டையோ டப்பாவையோ கையோடு கொண்டுவாருங்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், உப்பே விஷமாகிவிடும்.

வயல் மருந்து பட்டால் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், கண்மணி சுருங்கும். அப்போதும் நேராக மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

தோட்டத்துக்குப் போடும் உரத்தில் ஆமணக்குப் புண்ணாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இயற்கை உரம்தானே என்று மூட்டையைத் திறந்தே வைத்துவிடுவார்கள். அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம், எலும்புத்தூளோடு கலந்திருந்தால் நாய் விரும்பித் தின்னும். மட்கு உரக் குவியலும் அப்படித்தான். பூஞ்சணம் பூத்த கழிவைத் தின்று உடம்பு உதறி வலிப்பு வந்த நாய்கள் உண்டு. குவியலைச் சுற்றி வலை அடியுங்கள். குட்டைத் தண்ணீரில் நீலப்பச்சையாகப் பாசி படர்ந்திருந்தால் அதன் பக்கமே விட வேண்டாம். அந்தப் பாசியின் நஞ்சு ஈரலையும் நரம்பையும் தாக்கும், சில நேரம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே.

பாம்புக்கு எல்லோரும் பயப்படுவீர்கள், அது நியாயம்தான். கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பை அடிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். போகும்போதே போன் செய்து நச்சுமுறி மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், எல்லா இடத்திலும் இருக்காது. இதை இன்றைக்கே விசாரித்து, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். நாட்டுப்புறத்தில் நாய் வளர்ப்பதில் பெரிய வித்தியாசமே அந்தப் பயண நேரம்தான்.

அப்புறம் தடுப்பூசி. ரேபிஸ் ஊசி காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், இது பேரம் பேசுகிற விஷயமில்லை. எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அதற்கான ஊசியை முதலில் இரண்டு தவணையாக, 2 முதல் 4 வார இடைவெளியில் போட்டு, பிறகு வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுக்குமாடியில் இருந்தபோது இதைப் போடாமல் விட்டிருக்கலாம், பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணோடு பதிவான முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு நாய் தொலைந்தபிறகு தலையில் அடித்துக்கொள்பவர்கள் அதிகம்.

வேலியோரம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கணவரும் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். ஆடுகள் பற்றிப் படித்ததும் அவரே போய் நீளக் கயிறு வாங்கி வந்துவிட்டார். அட்டையைப் பார்த்தேன், எலிக்காய்ச்சல் ஊசி இல்லை. நாளைக்குக் கூட்டிப்போகிறோம்.

படியில் உட்காரும் யோசனை அருமையாக வேலை செய்கிறது பனித்துளி. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவளாகவே இறங்கி, முதல் படியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் மோந்துவிட்டு வருகிறாள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என் முகத்தைப் பார்க்கிறாள்.

குரைப்புதான் இன்னும் தீரவில்லை. நடுராத்திரி எழுந்து ஜன்னலைப் பார்த்துக் குரைக்கிறாள். எனக்கு எதுவுமே கேட்பதில்லை. அப்புறம் அந்தக் கிணறும் வேலியும் என்ன செய்வது?

இரவுவிளக்கு:

உங்களுக்குக் கேட்காதது அவளுக்குக் கேட்கிறது. நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ் அளவுக்குப் போகும். சுவருக்குப் பின்னால் எலி கீச்சிடுவது அவளுக்குத் தெளிவான சத்தம். முன்பு வண்டி இரைச்சல் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தது, இங்கே அது இல்லாததால் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்கிறது.

திட்டாதீர்கள். நீங்களும் சேர்ந்து சத்தம் போட்டால் ஏதோ ஆபத்து என்று அவள் நினைப்பது உறுதியாகிவிடும். எழுந்து போய் ஜன்னலைப் பாருங்கள், அமைதியான குரலில் “சரி, பார்த்துவிட்டேன்” என்று சொல்லி உங்களோடு கூட்டி வாருங்கள். தினமும் அதே சொல், அதே குரல். எங்கள் நாய் இப்போது இரண்டு குரை குரைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும், நான் சொன்னால் படுத்துவிடும். ஆரம்ப காலத்தில் அவளை உங்கள் அறையிலேயே படுக்க வையுங்கள், ஜன்னல் திரையை மூடுங்கள், மின்விசிறிச் சத்தம் கொஞ்சம் இருக்கட்டும்.

சாப்பாட்டுத் தட்டை ராத்திரி வெளியே வைக்கக் கூடாது. மீதிச் சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வாசல் விளக்கை இரவு முழுக்க எரியவிட்டால் பூச்சி, பூச்சிக்குத் தவளை, தேரை, மறுபடியும் பாம்பு. தேரையை வாயில் கவ்விவிட்டால் நுரை தள்ளும். முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயின் பக்கவாட்டிலிருந்து வெளியே வழியும்படி கழுவுங்கள், கழுவிவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

மண்வாசம்:

கிணற்றுக்கு நான் சொல்கிறேன். கைப்பிடிச் சுவர் மட்டும் போதாது. எலியையோ அணிலையோ துரத்துகிற வேகத்தில் நாய் சுவர் மேல் தாவி உள்ளே போய்விடும், எங்கள் பக்கம் நடந்திருக்கிறது. மேலே இரும்புச் சட்டத்தில் கனமான வலை போட்டுப் பூட்டுங்கள். கழிவுநீர்த் தொட்டியின் மூடியையும் மிதித்துப் பாருங்கள், பழைய வீடுகளில் அது உளுத்துப்போயிருக்கும். மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடுங்கள் அம்மா.

வேலி போட்டால் கீழே தோண்டித்தான் வெளியே போகும். வலையைத் தரையோடு நிறுத்தாமல், உள்பக்கமாக ஒரு முழத்துக்கு மடித்துப் படுக்கவைத்து மேலே கல்லோ மண்ணோ போடுங்கள். நாய் வேலி ஓரத்தில்தான் தோண்டும், நகம் கம்பியில் பட்டதும் விட்டுவிடும். முழு நிலத்துக்கும் வேலி போட முடியாவிட்டால் வீட்டுப் பின்பக்கம் ஒரு சின்ன முற்றத்துக்கு மட்டும் நல்லதாகப் போடுங்கள். அதற்குள் அவள் கயிறில்லாமல் ஓடட்டும். எனக்கு அது போதும்.

கால்தடம்:

உண்ணி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். புதர்ப் பக்கம் போய்வந்த ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தேடுவது நல்லது. காதை மடித்து உள்ளே, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், தொடை இடுக்கில், வாலடியில், ஒவ்வொரு கால்விரலுக்கு நடுவிலும் விரல்நுனியை மெதுவாக ஓட்டுங்கள். மிளகு மாதிரி ஒன்று நெருடினால் முடியை விலக்கிப் பாருங்கள். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்பால் சுடுவது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம். தேடும்போதே விரலிடுக்கில் புல்லின் ஊசி குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது தோலுக்குள் புகுந்து பயணம் செய்யும். ஒரு காலை மட்டும் ஓயாமல் நக்கினால் அதுவாக இருக்கலாம்.

பழுப்பு நாய் உண்ணி என்று ஒன்று உண்டு. அது சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு வீட்டுக்குள்ளேயே பெருகும். எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் காய்ச்சலைப் பரப்புவதும் அதுதான். கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், பசியின்மை, சோர்வு வரும், ரத்தத் தட்டணுக்கள் குறையும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். மின்னி இப்போது பாதிதான் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இடம் மாறிய கவலையாகத்தான் இருக்கும், ஆனால் நாளைக்கு ஊசிக்குப் போகும்போது காய்ச்சல் பார்க்கச் சொல்லுங்கள். நாய்க்கு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு.

வேலியோரம்:

போய்வந்தோம். காய்ச்சல் இல்லை, 38.7 இருந்தது. ஊசி போட்டாயிற்று, அடுத்த தவணைக்கு நாளும் வாங்கிவிட்டோம். உண்ணிக்கு மூன்று மாதம் தாங்கும் மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். நச்சுமுறி மருந்து அங்கே இல்லையாம், எங்கே இருக்கிறது என்று எழுதி வாங்கிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டேன்.

மண்வாசம் ஐயா, கிணற்றுக்கு வலை போட ஆள் சொல்லியாயிற்று. பின்முற்றத்துக்கு வேலியும் அவரே போடுகிறார்.

ஒரே ஒரு சந்தேகம். இந்த வீட்டில் முன்பிருந்தே ஒரு பூனை வந்துபோகிறது. மின்னி அதைப் பார்த்தால் கொஞ்சம் உறுமுகிறாள், அவ்வளவுதான். அதன் காதெல்லாம் உண்ணி. பழைய வீட்டில் மின்னிக்கு முதுகில் விடும் சொட்டுமருந்து வாங்கியது மிச்சம் இருக்கிறது, அதைப் பூனைக்கு விடலாமா?

கால்தடம்:

விடவே விடாதீர்கள். நாய்க்கான சொட்டுமருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், பூனையின் ஈரலால் அதைச் சிதைக்க முடியாது, வலிப்பு வந்து செத்துப்போகும். நாய்க்கு அதை விட்டாலும் காயும் வரைக்கும் பூனை அதன்மேல் உரசவோ நக்கவோ கூடாது. பூனைக்கென்று தனி மருந்து இருக்கிறது, எடையைச் சொல்லி வாங்குங்கள். பிடிக்க முடிந்தால் ரேபிஸ் ஊசியும் போட்டுவிடுங்கள். பிடிக்கும்போது கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நீங்களும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.